அடித்துக் காட்டிய விலை யாருடைய விலை?

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கமிருந்து கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் அம்மா அப்பாக்களுக்கும்,



கல்லூரி திறக்கும் மாதம் நம்ம பேட்டைக்கு எப்படிப்பட்ட மாதம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15-ல் கரையில் கட்டிய விசைப்படகு, 61 நாள் தடைக்காலம் முடிந்து ஜூன் 14 நள்ளிரவுக்குப் பிறகுதான் கடலுக்கு நகரும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் அரிசி பருப்போடு தீர்ந்திருக்கும். வீட்டில் மிச்சம் மீதி இருந்ததும் வலைக்கும் இன்ஜினுக்கும் பெயின்ட்டுக்கும் போயிருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் சர் தியாகராயா கல்லூரியிலோ பாரதி மகளிர் கல்லூரியிலோ இடம் கிடைத்த பிள்ளை வந்து, "லேப்டாப் இல்லாம முடியாதும்மா" என்று நிற்கும். செல்போனைத் திறந்தால் சிவப்பு எழுத்தில் "30% தள்ளுபடி, இன்று மட்டும்" என்று மின்னும்.

இந்தச் சமயத்தில் என்னிடம் போனை நீட்டி, "அண்ணா, இதை வாங்கலாமா?" என்று கேட்கும் பிள்ளைகள் நிறைய. தனித்தனியாகச் சொல்லிவருவதை எல்லாருக்கும் சேர்த்து ஒரு மடலாக எழுதுகிறேன். சாரம் இவ்வளவுதான்: நமக்கு எது வேண்டும், அதற்கு வீட்டிலிருந்து மொத்தம் எவ்வளவு போகலாம் என்ற இரண்டையும் முதலில் பேப்பரில் எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு திரையைத் திறங்கள். எழுதாமல் திறந்தால், அந்த இரண்டையும் திரையே உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிடும்.

வாங்கப் போவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தார்கள். 2026 ஜனவரியில் கொடுக்கவும் தொடங்கினார்கள். உங்கள் பிள்ளையின் படிப்புக்கும் ஆண்டுக்கும் அது வருமா, எப்போது வரும் என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு காசை எண்ணுங்கள்.

விலை மாறுவது நமக்குப் புதுசு இல்லை. விடியுமுன் ஏலத்தில் ஒரு விலைக்குப் போன வஞ்சிரம், வெயில் ஏறியதும் கூறு கட்டி விற்கும்போது வேறு விலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு விலை, செவ்வாய்க்கிழமை ஒரு விலை. அதைப் பார்த்து நாம் ஏமாந்துபோவதில்லை. ஏன்? எத்தனை படகு வந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு கேட்கிறார் என்பது காதில் விழுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்கிறோம். செவுள் வெளுத்திருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் நம் வீட்டுச் சட்டியில் அது ஏறாது. ஆன்லைனில் இந்த மூன்றும் மறைந்துவிடுகின்றன. சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது, மற்றவர் என்ன கொடுத்தார் என்று தெரியாது, செவுள் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. அந்த மூன்றையும் எங்கே தேடுவது என்று சொல்கிறேன்.

முதலில் அந்த அடித்த விலை. 68,990 என்று எழுதி, மேலே ஒரு கோடு போட்டு, கீழே 47,990 என்று காட்டுகிறார்கள். 21,000 ரூபாய் லாபம் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. அந்த 68,990 என்பது எம்.ஆர்.பி. பொட்டலப் பொருள்களுக்கான சட்ட அளவியல் விதிகளின்படி, எல்லா வரியும் சேர்த்து இதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு. அதைத் தீர்மானிப்பது தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோதான். அந்த விலைக்கு அந்தப் பொருள் ஒரு நாளாவது, ஒருவருக்காவது விற்றிருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் வேறு மாதிரி: தள்ளுபடி என்று விளம்பரம் செய்தால், அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையை வைத்துத்தான் காட்ட வேண்டும். நமக்குக் காட்டப்படும் சதவீதமோ பெரும்பாலும் எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு.

இதில் ஊரறிந்த கதை ஒன்று உண்டு. 2014 அக்டோபர் 6-ல் ஃப்ளிப்கார்ட் தன் முதல் 'பிக் பில்லியன் டே' விற்பனையை நடத்தியது. பொருள் கிடைக்கவில்லை, தளம் முடங்கியது, விலையும் முன்னுக்குப் பின் முரணாக இருந்தது என்று நாடு முழுக்கப் புகார். மறுநாளே நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். விற்பனைக்கு முந்தைய நாள்களில் பல பொருள்களின் விலை தள்ளுபடி இல்லாத பழைய விலைக்குத் திரும்பிவிட்டிருந்ததை அதில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். வேண்டுமென்று செய்தார்களா, தவறிப்போய் நடந்ததா என்பது நமக்கு முக்கியம் இல்லை. நேற்று என்ன விலை என்று தெரியாதவருக்கு இன்று என்ன தள்ளுபடி என்பதும் தெரியாது. நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

நேற்றைய விலையைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கீபா, பைஹட்கே போன்ற சேவைகள் ஒரு பொருளின் பழைய விலைகளைக் கோடாக வரைந்து காட்டும். மூன்று மாதக் கோட்டைப் பாருங்கள். அதில் அடிக்கடி 46,000 வரை இறங்கியிருந்தால், இன்றைய 47,990 தள்ளுபடி விலை இல்லை, வழக்கமான விலை. கோட்டைப் பார்க்கத் தெரியாவிட்டால் ஒரு நோட்டுப் போதும். தேதி, மாடல் எண், விலை, விற்பவர் பெயர் என்று இரண்டு வாரம் எழுதி வாருங்கள். அக்கம்பக்கத்தில் கேட்ட விலைகளை மனசிலேயே வைத்திருந்து மீன் வாங்கும் நம் அம்மாக்களுக்கு இது ஒரு வேலையே இல்லை.

விலை ஏன் இப்படி ஆடுகிறது? பலரும் தளமே விற்கிறது என்று நினைக்கிறார்கள். அயல்நாட்டு முதலீடு உள்ள சந்தைத் தளங்கள் விற்பனை விலையை நேரடியாகவோ மறைமுகமாகவோ தீர்மானிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட குறிப்பில் சொல்கிறது. 2019 பிப்ரவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதாவது விற்பவர்கள் வேறு. ஒரே மாடலுக்கு நான்கைந்து விற்பனையாளர்கள் இருப்பார்கள். திரையில் முதலில் தெரிபவர் ஒருவர். காலையில் இருந்தவரிடம் சரக்கு தீர்ந்தால் மாலையில் இன்னொருவர், அவருடைய விலையோடு வந்து நிற்பார். கூடையில் போட்டு வைத்தது ஒரு ராத்திரியில் 2,000 ஏறிவிட்டதே என்று பதறுவதற்கு முன், விற்பவர் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மற்ற விற்பனையாளர்களின் பட்டியலையும் திறந்து பாருங்கள். நம் 600013 பின்கோடைப் போட்ட பிறகு தெரிவதுதான் நமக்கான விலை; போடாமல் பார்த்த விலை நம் வீட்டுக்கு வராமலே போகலாம்.

ஆளைப் பார்த்து விலை வைக்கிறார்களோ என்ற சந்தேகமும் வீண் சந்தேகம் இல்லை. 2000-ம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் அமேசான் ஒரே டிவிடியை வெவ்வேறு ஆள்களுக்கு வெவ்வேறு விலைக்கு விற்றது வெளியே வந்தது. அது வெறும் சோதனைதான் என்று சொல்லி, கூடுதலாகக் கொடுத்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. நம் நாட்டில் 2025 ஜனவரியில், ஐபோனுக்கு ஒரு கட்டணம், ஆண்ட்ராய்டு போனுக்கு ஒரு கட்டணமா என்று ஓலா, ஊபர் நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. இரண்டு நிறுவனங்களும் மறுத்தன. நாம் செய்யக்கூடியது எளிது: அம்மா போனிலும் அண்ணன் போனிலும், கணக்கில் நுழையாமலும் அதே பொருளைப் பார்த்து, விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒரே வகை நுகர்வோரிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்று 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இனி செவுள். லேப்டாப்பில் அது பிராசசர் பெயருக்குப் பின்னால் இருக்கும் எண். ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன். ஏ.எம்.டி. ரைசன் 5 என்று இரண்டு லேப்டாப்பிலும் எழுதியிருக்கும். ஒன்றில் 7520யு, மற்றதில் 7530யு. பத்து எண்தானே வித்தியாசம் என்று தோன்றும். 7520யு என்பது நான்கு கோர். 7530யு ஆறு கோர், உள்ளே இருக்கும் வடிவமைப்பும் ஒரு தலைமுறை புதியது. அதோடு 7520யு வரும் லேப்டாப்பில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இன்று 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான்; இரண்டாம் ஆண்டில் கூட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. இரண்டுக்கும் 4,000 வித்தியாசம் இருந்தால், "அதிகத் தள்ளுபடி" என்று முன்னால் வந்து நிற்பது பெரும்பாலும் அந்த முதல் ஆள்தான். ஆகவே முழு மாடல் எண்ணையும் பாருங்கள். ரேம் மாற்றலாமா, எஸ்.எஸ்.டி. எவ்வளவு, விண்டோஸ் சேர்ந்திருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். பி.காம்., பி.ஏ. படிக்கிற பிள்ளைக்கு நல்ல பிராசசரும் 8 ஜிபியும் தாராளம். கேமிங் கார்டு வைத்த 75,000 ரூபாய் லேப்டாப் 58,000-க்குக் கிடைத்தாலும், 40,000-ல் வேலை முடிகிற பிள்ளைக்கு அது 18,000 நஷ்டம்.

அடுத்து வங்கிச் சலுகை. "கார்டில் 10% உடனடித் தள்ளுபடி" என்பது பெரிய எழுத்து. "அதிகபட்சம் 1,500 ரூபாய்" என்பது சின்ன எழுத்து. 47,990-க்கு 1,500 என்றால் மூன்று சதவீதம்தான். அதுவும் குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டு இருந்தால்தான். நம் வீடுகளில் அந்த கார்டு இருக்காது. "யார்கிட்ட இருக்கு" என்று தெருவெல்லாம் கேட்டு, தெரிந்தவர் கார்டில் வாங்குவோம். மாதாமாதம் அவருக்குச் சரியான தேதியில் பணம் போகாவிட்டால் வட்டியும் தாமதக் கட்டணமும் அவர் தலையில் விழும், உறவும் போகும். பில் யார் பெயரில் வருகிறது என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வாரன்டிக்கு அலைபவர் நீங்கள்தான்.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்றால் செலவே இல்லை என்று நம்பிவிடாதீர்கள். பூஜ்ய வட்டி என்பது வாடிக்கையாளரை ஈர்க்கும் வேஷம், வட்டி வேறு கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளைக் கண்டித்திருக்கிறது. இப்போது நடப்பது இதுதான்: வட்டி அளவுக்கு முன்கூட்டியே விலையில் கழித்துவிட்டு, வங்கி அந்த வட்டியை உங்களிடம் வாங்கிக்கொள்கிறது. 48,000 ரூபாயை ஆறு மாதம் 8,000 வீதம் கட்டுவதாக வையுங்கள். ஆண்டுக்கு 16% என்றால் அதற்குள் இருக்கும் வட்டி ஏறக்குறைய 2,160 ரூபாய். அந்த வட்டி மேல் 18% ஜி.எஸ்.டி. சுமார் 390 ரூபாய் உங்கள் பொறுப்பு. பிராசசிங் கட்டணம் 199 என்றால் அதற்கும் வரி சேர்த்து 235. மொத்தத்தில் 620 ரூபாய்க்கு மேல் கைவிட்டுப் போகிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் சில சமயம் முழுப் பணம் கட்டுபவருக்குத் தரும் தள்ளுபடி இ.எம்.ஐ. எடுப்பவருக்குக் கிடைக்காது. பணம் கட்டும் கடைசித் திரை வரை போய், இரண்டு வழியிலும் மொத்தம் எவ்வளவு என்று எழுதி ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள்.

அம்மாக்களே, இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உங்களுக்கு. தள்ளுபடி நாளை முடிந்துவிடும் என்று தண்டல் வாங்காதீர்கள். 10,000 தண்டல் என்றால் கையில் வருவது 8,500. நாளுக்கு 100 வீதம் 100 நாளில் 10,000 கட்டித் தீர்ப்பீர்கள். 40,000-க்கு இப்படி வாங்கினால் பிடித்தம் மட்டும் 6,000. திரையில் 4,000 மிச்சப்படுத்தியிருந்தாலும் அது எங்கே போயிற்று? தடை நீங்கிப் படகு நான்கைந்து நடை போய் வந்து, கையில் காசு புரண்ட பிறகு முழு விலைக்கே வாங்கினாலும் இதைவிட மலிவு. அதுவரை கல்லூரி கணினி ஆய்வகமும் நூலகமும் இருக்கின்றன. முதல் ஒரு மாதத்தில் லேப்டாப் இல்லாமல் எந்தப் பிள்ளையின் படிப்பும் கெட்டுப்போகாது.

திரை செய்யும் மற்ற வித்தைகளுக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. "2 மட்டுமே மீதம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காமலே காப்பீட்டையும் நன்கொடையையும் கூடைக்குள் போடுவது, முதலில் ஒரு விலை காட்டிக் கடைசித் திரையில் கட்டணங்களைக் கூட்டுவது ஆகியவை உட்பட 13 வகைத் தந்திரங்களை, 2023 நவம்பர் 30-ல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டத்தை உங்கள் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2020 விதிகளும் சொல்கின்றன. ஆகவே பணம் கட்டுமுன் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படியுங்கள். நீங்கள் கேட்காதது எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

"அப்படியானால் தீபாவளி வரை காத்திருக்கலாமா?" என்று கேட்பீர்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் கடைசி, ஜனவரி என்று பெரிய விற்பனைகள் வரும். பழைய மாடலைத் தீர்க்க வேண்டியிருக்கும்போது உண்மையாகவே விலை இறங்கும். ஆனால் காத்திருந்தால் எப்போதும் இறங்கும் என்று எழுதி வைத்த விதி கிடையாது. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதால் உலகம் முழுக்க ரேம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் கடைகளில் விற்றுவந்த தன் 'க்ரூஷியல்' பிராண்டையே விட்டு விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அதே மாதத்தில் டாலருக்கு ரூபாய் 90-ஐத் தாண்டியது. இப்படிப்பட்ட காலத்தில் தள்ளுபடி சதவீதம் கூடும், கொடுக்கும் பணமும் கூடும். அதனால்தான் பேப்பரில் உங்கள் எண்ணை எழுதச் சொன்னேன். விலை அந்த எண்ணுக்குக் கீழே வந்தால், அது பண்டிகையாக இருந்தாலும் சாதாரண புதன்கிழமையாக இருந்தாலும் வாங்கிவிடுங்கள். வாங்கிய பிறகு அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்து வயிறு எரிய வேண்டாம்.

ஆன்லைன் விலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை மவுன்ட் ரோடு ரிச்சி தெருவுக்கும் போய் வாருங்கள். பில்லோடு சேர்த்துக் கேட்டால் பல சமயம் அதே விலைக்குப் பக்கத்தில் வருவார்கள்; கீபோர்டைத் தட்டிப் பார்த்து, திரையைக் கண்ணால் பார்த்து வாங்கலாம். பழசு வாங்குவதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாதவை. 12,000-க்குப் பளபளவென்று விற்கப்படும் பல லேப்டாப்கள் அந்த ரகம்.

பார்சல் வந்தால் பிரிப்பதற்கு முன்பே வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். பெட்டி மேல் உள்ள சீரியல் எண், லேப்டாப் அடியில் உள்ள எண், பில்லில் உள்ள எண் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரன்டி எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். கோளாறு என்றால் முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார். 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் வடசென்னையிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும். பில் இல்லாமல் வாங்கினால் இதில் எதுவும் நடக்காது.

கடைசியாக உங்கள் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வீடும் தனியாக ஒரு திரையோடு மல்லுக்கு நிற்பதால்தான் விற்பவர்கள் கை ஓங்குகிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். யார் எந்த மாடலை, எந்தத் தேதியில், கடைசித் திரையில் எவ்வளவு கொடுத்து வாங்கினார்கள் என்று அதில் போடுங்கள். பில்லில் உள்ள முகவரியை மறைத்துவிட்டுப் போடுங்கள். ஏமாந்தவர்களும் வெட்கப்படாமல் போடுங்கள். இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகள், அடுத்த ஜூனில் புதிதாகச் சேரப்போகும் பிள்ளையின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மேலே சொன்ன மூன்று மாதக் கோட்டையும் கடைசித் திரையையும் ஒருமுறை காட்டுங்கள். அந்த அம்மாக்கள் ஏலத்தில் நின்று பேரம் பேசியவர்கள். கணக்கை முன்னால் வைத்துவிட்டால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
உங்கள் பேட்டைக்காரன்
காசிமேடு